ஏத்தத்துல நிக்காத கன்ட்ரோலர்

ஜெகநாதன் இல்லீங்களா? எங்கீங்க போயிட்டாரு? மெட்ராசுக்கா? இன்னைக்குன்னு பாத்துப் போயிருக்காரு பாருங்க. செரி, நீங்க யாருங்க? அவரு உங்கக்காளக் கட்டுனவருங்களா? அப்ப நீங்க ஊட்டாளுதான், உங்ககிட்டச் சொல்லலாம்.

எம்பேரு நல்லமுத்துங்க. சிங்காநல்லூர்ல டைல்ஸ் கடை வெச்சிருக்கறேன். இன்னுங் கொஞ்ச நேரத்துல இந்தக் கடைக்கு ஒருத்தன் வருவான். எம்பட சகலை. எம்பொண்டாட்டியோட தங்கச்சியக் கட்டுனவன். தரணிதரன்னு பேரு, கோபியில மாட்டு டாக்டரு. பாத்தாச் சாதுவாட்ட இருப்பான். குரலே வெளிய வராது. என்னையக் கண்டா எந்திரிச்சு நிப்பான். ஏமாந்துராதீங்க. அத்தனையும் விசமுங்க. அவன் வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேக்கோணும். அதுக்கு முன்னால நடந்தது பூராச் சொல்லீர்றேன். சொல்லாமக் கேட்டா என்னையத் தப்பா நெனச்சுக்குவீங்க.

இந்தப் பொம்மக் காரு இருக்குதுங்களே, பொம்மைன்னு சொன்னா உங்க மாமாவுக்குக் கோவம் வரும், கிராலர்ங்கோணும். பாறை ஏற்ற வண்டி. ரிமோட்டுல ஓட்டறது. வேகமெல்லாம் கெடையாது, நத்தையாட்ட ஒவ்வொரு கல்லாப் புடிச்சுப் புடிச்சு ஏறும். எங்க மாமனாரு ஊரு கோபிக்கு அந்தாண்ட கரட்டுப்பாளையமுங்க. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்க பக்கம் பூப்பறிக்கற நோம்பி. பொம்பளைங்கெல்லாம் கட்டுச்சோத்தத் தூக்கீட்டு ஊருக்கு வெளிய இருக்கற பாறைக் கரட்டுக்குப் போயி ஆவாரம்பூப் பறிச்சு, கும்மியடிச்சு, சாப்புட்டுட்டு வருவாங்க. ஆம்பளைங்களுக்கு அங்க சோறு திங்கறதத் தவர ஒரு வேலையும் கெடையாது. நானும் வருசா வருசம் போயி, மூத்த மாப்ளைன்னு மொத எலையில உக்காந்து தின்னுபோட்டு மரியாதையா வந்துட்டிருந்தேன்.

தரணி கண்ணாலமாகி வந்த மொத நோம்பிக்கே இந்த வண்டியக் கொண்டாந்து பாறை மேல ஏத்திக் காட்டுனான். ஊரே வாயப் பொளந்துருச்சு. எங்க மாமனாரு என்னையப் பாத்து 'வாங்க மாப்ள, சாப்புடுங்க மாப்ள'ங்கறதுக்கு மேல இத்தன வருசத்துல ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. அவம்பக்கத்துல குந்தவெச்சு உக்காந்துட்டு, 'இதெப்புடிங்க மாப்ள, அதெப்புடிங்க மாப்ள'ன்னு கேட்டுட்டே இருக்கறாரு. ஏற்கெனவே மாமனாரு எருமைக்கெல்லாம் ஊசி போடறவன் அவன், பத்தாததுக்கு இது வேற. டைல்ஸ் கடைக்காரன்கிட்ட அவரு என்னத்தக் கேப்பாரு? மாட்டுக் கட்டுத்தாரைக்கு டைல்ஸா போடறாங்க?

நானும் ஒரு வண்டி வாங்குனேன். வாங்காம?

வண்டி வாங்குனாப் போதாதுங்க. உள்ள இருக்கற ஸ்பீடு கன்ட்ரோலர்தான் எல்லாமே. நீங்க கடைக்குப் புதுசு, தெரியாட்டிச் சொல்றேன். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல உக்காந்துட்டு எப்ப எவ்வளவு கரண்டு உடறதுன்னு முடிவு பண்ற டப்பா அது. பாறை ஏற்ற வண்டிக்கு அதுல முக்கியமானது என்னன்னா, ஏத்தத்துல ரிமோட்டுல இருந்து வெரல எடுத்தா வண்டி அப்பிடியே புடிச்சு நிக்கோணும். பின்னால உருளக் கூடாது. டிராக் பிரேக்கும்பாங்க. அப்ப எனக்கு அந்த எழவெல்லாம் தெரியாது. தரணிதான் ஒரு டப்பா பேரச் சொல்லி 'இதப் போடுங்கண்ணா'ன்னான். போட்டேன். இன்னொண்ணுஞ் சொன்னான். 'அண்ணா, அதுல ஓரமாக் குட்டியா ஒரு பின்னு சொருகியிருக்கும். அதக் கழட்டி ஒரு எடந் தள்ளிச் சொருகீருங்க, அப்பத்தான் ஏத்தத்துல நிக்கும்'னான். நீங்களே சொல்லுங்க. கம்பெனிக்காரன் சொருகி அனுப்புனத ஒருத்தன் கழட்டுங்கறான்னா என்ன அர்த்தம்? நம்ம வண்டியக் கெடுக்கப் பாக்கறான்னு அர்த்தம். நான் அதத் தொடவே இல்லீங்க.

போன வருசத்து நோம்பி. பாறை உச்சீல ஆவாரம்பூக் கொத்து ஒண்ணச் சொருகி வெச்சிருந்தாங்க. ஏறிப் போயி அதத் தொட்டவன் ஜெயிச்சவன். தரணி வந்து, 'அண்ணா, நான் மொதல்லப் போயி வழியப் பாத்துக்கட்டுங்களா, நீங்க பாத்துட்டு வாங்க'ன்னான். எப்பிடி இருக்குது பாருங்க? மூத்த மாப்ளை நிக்கறேன், சின்ன மாப்ளை முந்துவானாமா? பந்தீல நாந்தான் மொதல்ல, தாம்பூலத்துல நாந்தான் மொதல்ல. பாறைக்கு மட்டும் அவனா? 'தள்ளுங்க தம்பி'ன்னுட்டு நான் உட்டேன்.

நல்லாத்தானுங்க ஏறுச்சு. பாதிக்கு மேல போயிருச்சு. மாமனாரு கூட 'அட'ன்னாரு, எங்காதுல உழுந்துச்சு. அடுத்த கல்ல எப்பிடிப் புடிக்கறதுன்னு யோசிக்கலாம்னு வெரல எடுத்தேன். எடுத்தனோ இல்லியோ, வண்டி பின்னாலயே உருண்டு வருது. நான் முன்னால அமுத்தறேன், அது பல்டியடிக்குது. அடிச்சுட்டு வந்து நேரா எங்க உழுந்துச்சுங்கறீங்க? தயிர்ச்சோத்துப் போசிக்குள்ள. சக்கரம் நாலும் மேல பாத்துச் சுத்துது, தயிர்ச்சோறு எங்க மாமியா மூஞ்சீல, எங்கூட்டுக்காரி சீலையில, கும்மியடிச்சுட்டிருந்த பொம்பளைங்க மேலயெல்லாந் தெறிக்குது. எங்க மாமனாரு சிரிச்சாரு பாருங்க. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, அவருக்குத் தண்ணி குடுத்து நெஞ்சத் தடவி உட்டவன் யாரு? தரணி. அப்பறம் அவன் ஏத்தி, பூவத் தொட்டுட்டு வந்தான். நான் உழுந்த எடத்தப் பாத்துட்டானில்ல, சுத்தி ஓட்டீட்டான்.

அன்னைல இருந்து அந்த ஊருக்குள்ள எனக்குத் தயிர்ச்சோத்து மாப்ளைன்னு பேருங்க. பஸ்ஸு கண்டக்டர் வரைக்குந் தெரியும். எங்கூட்டுலயே தயிர்ச்சோறுன்னா எம்பொண்டாட்டி கோகிலா வாயப் பொத்திக்குவா. நெஞ்செல்லாம் எரியுதுங்க இன்னைக்கும். அன்னைக்கே முடிவு பண்ணுனேன், இவன அதே பாறைல, அதே மாமனாரு முன்னால, குப்புறத் தள்ளாம உடறதில்லைன்னு. அவன் போன் பண்ணுனா எடுக்க மாட்டேன். தீவாளிக்கு ஊட்டுக்கு வந்தான், பலகாரத்தோட. நான் மொட்டமாடிக்குப் போயித் தண்ணித் தொட்டியக் கழுவுனேன். அவன் போறவரைக்கும் கழுவுனேன்.

கடவுள் இருக்கறாருங்க. மார்கழீல அவங்கிட்ட இருந்து கோகிலாவுக்குப் போன் வருது. அவன் வண்டி கன்ட்ரோலர்ல தண்ணி பூந்து போயிருச்சாமா. 'அண்ணா கோயமுத்தூர்லதான இருக்கறாரு, அவரே பாத்து எது நல்லதோ அத வாங்கிக் குடுக்கட்டும், எனக்கு அண்ணா எடுத்துக் குடுத்தாப் போதும்'னானாமா. ஆன்லைன்ல தட்டுனா மறுநாள் ஊட்டுக்கு வருது, அவனுக்கு எதுக்கு நானு? எல்லாம் நடிப்பு. ஆனா வாயக் குடுத்து மாட்டிக்கிட்டான் பாத்தீங்களா? அன்னைக்கு ராத்திரி நான் ரண்டு தோசை எச்சாத் தின்னனுங்க.

அப்பறம் ஆரம்பிச்சனுங்க வேலைய. நல்ல கன்ட்ரோலர் வாங்கறதுல என்னங்க கஷ்டம்? உங்க மாமாவக் கேட்டா எடுத்துக் குடுத்துட்டுப் போறாரு. மோசமானது வாங்கோணும், ஆனா பாத்தாப் பிரமாதமா இருக்கோணும். வாங்கறவன் கையில வெச்சுத் தடவிப் பாக்கோணும், பாறைல போயி மானம் போவோணும். அதுக்கு நல்லது எதுன்னு மொதல்லத் தெரியோணுமில்ல? படிச்சனுங்க. கடையில டைல்ஸ் பாக்க வந்தவங்களக் கூட ஆளுங்ககிட்ட உட்டுட்டு வீடியோவாப் பாத்தேன். பாறை வண்டிக்கு வெரல எடுத்தா நிக்கோணும். அப்ப நமக்கு நிக்காதது வேணும். முன்னால போறது பின்னால வரோணும்னா உடனே வரோணும். அப்ப நமக்கு, பின்னால வாடான்னா ஒருக்கா நின்னு யோசிச்சுட்டு வர்றது வேணும். சக்கரம் கல்லுக்கு நடுவுல மாட்டுனா, திருப்பற மோட்டாருக்கு இந்த டப்பாதான் தெம்பு குடுக்கோணும். அப்ப நமக்குத் தெம்பில்லாதது வேணும். மூணும் ஒரே டப்பாவுல அமையறதுன்னா லேசுங்களா? பொண்ணு பாத்த மாதரப் பாத்தனுங்க.

அப்பிடிப் படிக்கறப்பத்தான் எம்பட டப்பாவுல இருக்கற அந்தக் குட்டிப் பின்னு எதுக்குன்னு தெரிஞ்சுது. டிராக் பிரேக்குக்குத்தானாமா. தள்ளிச் சொருகுனேன், வண்டி சொவத்துல சாச்ச பலகை மேல கூடப் புடிச்சு நின்னுச்சு. அவன் சொன்னது செரிதானுங்க, இல்லைங்கல. அதுக்காக? செரியாச் சொல்றவனெல்லாம் நல்லவனாயிருவானா? நான் நம்பற மாதரச் சொல்லியிருக்கோணுமில்ல? நான் நம்ப மாட்டேன்னு தெரிஞ்சுதான் அப்பிடிச் சொல்லியிருக்கறான்.

கடேசில இந்தக் கடையில, அந்தா அந்தக் கண்ணாடிக்குள்ள, மூணாவது தட்டுல இருந்துதுங்க. நீலக் கலர்ல, மேல குட்டியா ஃபேனு, சுச்சப் போட்டா லைட்டெல்லாம் எரியும். சமதரைல பறக்கற ரேஸ் வண்டிக்கு உண்டானது. உங்க மாமா நல்ல மனுசனுங்க, 'அண்ணா, இது பாறைக்கு ஆவாதுங்க, ஏத்தத்துல நிக்காது'ன்னாரு. 'அதுதானுங்க வேணும்'னேன். 'யாருக்குங்க?'ன்னாரு. 'எதிரிக்குங்க'ன்னேன். தமாசுன்னு நெனச்சுச் சிரிச்சாரு. நான் சிரிக்கலீங்க.

பட்டுத்துணிக்குச் சுத்தற மாதரக் காயிதஞ் சுத்திக் குடுத்தனுப்புனேன். அவன் போன் பண்ணுனான். ஒரு வருசத்துக்கப்பறம் எடுத்தேன். 'அண்ணா, பிரிச்சுப் பாத்தேன், நெம்ப அழகா இருக்குதுங்கண்ணா'ன்னான். அப்பறம், 'நோம்பிக்கு வந்துருவீங்கல்லண்ணா?'ன்னான். வராம இருப்பனா?

போன வாரம் நோம்பி. போசியெல்லாம் இந்தத் தடவ தூரமா எடுத்து வெச்சுட்டாங்க, என்னையப் பாத்துட்டே. சிரிங்க, சிரிங்கன்னு நெனச்சுட்டேன். எல்லாருங் கேக்கற மாதர, 'தம்பி, இந்த வருசம் நீங்க மொதல்லப் போங்க'ன்னேன். மூத்த மாப்ளை தன்னோட மொத மரியாதைய உட்டுக் குடுக்கறாருன்னு எங்க மாமியாளுக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. அவன் என்னைய ஒரு மாதரப் பாத்தான். 'செரிங்கண்ணா'ன்னான்.

உட்டான். நான் நெனச்சதுக்கு மேலயே வேல செஞ்சுதுங்க அந்த டப்பா. வெரல எடுக்கவே பயந்து பயந்து ஓட்டறான். ஒரு எடத்துல எடுத்துத்தான ஆவோணும்? எடுத்தான். உருண்டுச்சு பாருங்க! பல்டி, அதுக்கு மேல பல்டி, முள்ளுச் செடிக்குள்ள போயி உழுந்து ஒரு சக்கரமே கழண்டு போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள மேளஞ் சத்தங் கேட்டுச்சுங்க. ஒரு வருசத்து எரிச்சல் அப்பிடியே எறங்குச்சு. அடுத்தது நான். எம்பட வண்டி எங்கயும் நழுவல, புடிச்சுப் புடிச்சு ஏறி, நேரா உச்சிக்குப் போயி அந்தப் பூவத் தொட்டுச்சு.

திரும்பிப் பாக்கறேன், ஒரு ஈ காக்கா இல்லீங்க பாக்கறதுக்கு. அத்தன பேரும் முள்ளுச் செடிகிட்ட நிக்கறாங்க. ஒருத்தராச்சுஞ் சிரிச்சாங்களா? நான் உழுந்தப்ப ஊரே சிரிச்சுதே? மாமனாரு குனிஞ்சு கையில முள்ளு ஏறறது கூடத் தெரியாம அந்தச் சக்கரத்தத் தேடறாரு. 'கல்லு மேல கல்லு வெச்ச மாதர ஏறுற வண்டியாச்சே, என்னங்க மாப்ள ஆச்சு?'ன்னு கேக்கறாரு. அவம்பொண்டாட்டி மேகலாதான் சொன்னா, 'மச்சான் ஆசையா வாங்கிக் குடுத்தாருங்கப்பா. கடைக்காரன் மச்சான ஏமாத்தி ஆவாததக் கட்டி உட்டுட்டான்'னு.

ஏமாத்தி! என்னைய! நானுங்க, இருவது வருசமா யாவாரம் பண்றேன். மார்பிள்னு சொல்லி எவனாச்சும் எங்கிட்ட வேற கல்ல வித்துருவானா? தடவிப் பாத்தே சொல்லுவேன். அந்தக் கூட்டமே என்னையப் பாத்து 'ச்சு ச்சு'ங்குது. கோகிலா வந்து கையப் புடிச்சுட்டு, 'போனாப் போவுது உடுங்க, உங்களுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்'ங்கறா. எனக்குத் தெரியாதாமா! மூணு கொறையையும் ஒரே டப்பாவுல தேடிக் கண்டுபுடிச்சவன் நானு, எனக்குத் தெரியாதாமா! வாயத் தொறந்து சொல்ல முடியுதுங்களா? 'நான் ஏமாறல, வேணும்னுதான் வாங்குனேன்'னு சொன்னா நான் துரோகி. சொல்லாட்டி நான் ஏமாளி. தயிர்ச்சோத்து மாப்ளைங்கறதோட இப்ப ஏமாந்த மாப்ளைன்னு இன்னொண்ணு. அங்கியே, ஜெயிச்ச வண்டியக் கையில புடிச்சுட்டு நிக்கறனுங்க நானு.

மாமனாருக்குக் கோவம் வந்துருச்சு. 'எங்கூட்டு மூத்த மாப்ளைய ஏமாத்தறதுக்கு ஒரு கடைக்காரனா? தரணி மாப்ள, நீங்க கோயமுத்தூர் போயி அவன என்னன்னு கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க'ன்னுட்டாரு. நான் போறேன்னேன். 'நீங்க வேண்டாங்க மாப்ள, உங்கள மறுபடி ஏதாச்சுஞ் சொல்லி அனுப்பீருவான்'னாரு. கேட்டீங்களா?

அதுக்குத்தான் இன்னைக்கு வர்றான். வந்து கேட்டா உங்க மாமா என்ன சொல்லுவாரு? 'நான் வேண்டாம்னுதான் சொன்னேன், எதிரிக்குன்னு கேட்டு வாங்கீட்டுப் போனாரு'ன்னு உள்ளதச் சொல்லுவாரு. முடிஞ்சுதுங்க என்ற கதை. நல்ல வேளை, அவரு ஊர்ல இல்ல. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். 'பொட்டி மாறிப் போச்சுங்க, உங்க அண்ணா நல்லதுதான் கேட்டாரு, நாங்கதான் தப்பா எடுத்துக் குடுத்துட்டோம்'னு. அவ்வளவுதான். நான் ஏமாளியும் இல்ல, துரோகியும் இல்ல. அவன் ரண்டு வார்த்தை திட்டுவான், வாங்கிக்கோங்க. நானுங் கூட நின்னுட்டு உங்களத் திட்டுவேன், மனசுல வெச்சுக்காதீங்க.

போன் அடிக்குது பாருங்க. எடுங்க, எடுங்க.

யாரு, அவனா? நான் இருக்கறதச் சொல்லாதீங்க!

வெச்சுட்டானா? என்னங்க இவ்வளவு நேரம் பேசறான்? என்னவாமா? டீக்கடையிலயா? எதுத்தாப்பலயா? கடை வாசல்ல எம்பட வண்டி நிக்கறதப் பாத்துட்டானா? நான் போனதுக்கப்பறம் வர்றானாமா? ஏனாமா? எனக்குச் சங்கடமா இருக்குமா? எனக்கென்னங்க சங்கடம்? செரி, மேல சொல்லுங்க.

கடை மேல தப்பில்லைன்னானா. செரி. பொருள்லயும் தப்பில்லைன்னு... இருங்க, மறுபடி சொல்லுங்க. 'நாந்தான் தப்பா மாட்டீட்டேன்னு நீங்க சொல்லீருங்க, அண்ணா கேட்டாலும் அப்பிடியே சொல்லீருங்க'ன்னானா? அவன் தப்பா மாட்டலியே! அவனாச்சும் தப்பா மாட்டறதாச்சும்!

என்னது? பொட்டியப் பிரிச்ச அன்னைக்கே தெரியுமா? இது ஏத்தத்துல நிக்காதுன்னு தெரியுமா? தெரிஞ்சே எதுக்குங்க மாட்டீட்டு வந்தான்? அண்ணா ஆசையா எடுத்துக் குடுத்தது... மாட்டாம வந்தா அண்ணா மனசு சங்கடப்படும்னு... ஒரு வருசங் கழிச்சுப் போன எடுத்துப் பேசுனாருன்னு... அப்பிடியா சொன்னான்? அவன் வாயால?

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

பாத்தீங்களா அவன? நான் தள்ளி உட்டு உழுந்தான்னு ஒரு வாரமா மனசுக்குள்ள கும்மியடிச்சுட்டிருக்கறேன். அவன் எனக்காக, தெரிஞ்சே போயி உழுந்திருக்கறான்! அந்த மேளம், அந்தச் சந்தோசம், அது கூட அவன் போட்ட பிச்சையா? இப்ப இங்கிருந்து நேரா மாமனாருகிட்டப் போவான். 'அண்ணா வாங்குனது நல்ல பொருள்தானுங்க மாமா, என்ற கைத்தப்பு'ன்னு தலையக் குனிஞ்சுட்டு அந்தச் சத்தமில்லாத குரல்ல சொல்லுவான். மாமனாரு நம்புவாரா? நம்ப மாட்டாரு. சகலைக்காகப் பழிய ஏத்துக்கறான் பாரு, என்ன கொணம், என்ன கொணம்னு ஊரெல்லாஞ் சொல்லுவாரு. கோகிலா தெனமும் சொல்லுவா. நான் சாகறவரைக்கும் அவன் தயவுல நல்லவனா இருக்கோணும். இப்பிடி அடிச்சா ஒரு மனுசன் எங்கீங்க போயித் திருப்பி அடிப்பான்?

நடக்காதுங்க. எனக்குத் துரோகின்னு பேரு வந்தாலுஞ் செரி, அவனுக்கு அந்த நல்ல பேரு மட்டுங் கெடைக்கக் கூடாது. நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். பொட்டி மாறுச்சுன்னும் வேண்டாம், தப்பா மாட்டீட்டான்னும் வேண்டாம். டீக்கடையவே பாத்துட்டிருங்க, எந்திரிச்சான்னாச் சொல்லுங்க. அவன் டம்ளரக் கீழ வெக்கறதுக்குள்ள நான் முந்திக்கறேன்.

அலோ, மாமாங்களா? நல்லமுத்து பேசறனுங்க. ஆமாங்க, கடையிலதானுங்க இருக்கறேன். இல்லீங்க மாமா, கடைக்காரரு யாரையும் ஏமாத்தலீங்க. தரணியும் தப்பா மாட்டலீங்க. அவரு வந்து அப்பிடிச் சொல்லுவாருங்க, நம்பாதீங்க, பச்சப் பொய்யிங்க. அவரு மேல ஒரு தப்புங் கெடையாதுங்க மாமா. நாந்தானுங்க. அவரு உழுகோணும்னுட்டே, நாந்தான் பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தேன்.